வோட்டாவா வீட்டு மேசை

உங்கள் மைக்கூடு ஆடுகிறது, இன்ஸ்பெக்டர். அடியில் ஒரு தாளை மடித்து வையுங்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிம்மதியாகப் பேச முடியாது.

என் பெயர் ஆல்வின் ஸ்டிக்லர், கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்க்கரை ஆலைக்காரர் வோட்டாவாவைக் கொன்றதாக அவர் சமையற்காரி லுட்மிலாவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவளுக்குத் தூக்குத்தான் என்று காபிக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். அது விஷயமாகத்தான் வந்தேன்.

அவருடைய எழுத்தறையை வடிவமைத்தவன் நான். மேசையும் நாற்காலியும் மட்டுமல்ல. வெள்ளியில் மைக்கூடு, பேனாத்தட்டு, மையொற்றி, கடித உறை கிழிக்கும் கத்தி, எல்லாமே என் வரைவு. எது எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். வியன்னாவில் எங்கள் பட்டறையில் முழு அறையாக வாங்குகிறவர்கள் அதற்குச் சம்மதித்துத்தான் வாங்குகிறார்கள். அவ்வப்போது போய், நகர்ந்ததைச் சரிசெய்துவிட்டு வருவேன்.

சந்தேகம் மையொற்றியில் தொடங்கியது. ஓயாமல் கடிதம் எழுதுகிற மனிதர் அவர். அதில் ஈர மையை ஒற்றும் தாளோ வெள்ளைவெளேரென்று இருந்தது. மைக்கூட்டுக்குள் விரலை விட்டேன், ஈரமே இல்லை. இன்னொருவன் செய்த மேசை எங்கோ ஒளிந்திருக்கிறது என்று மனம் அரித்தது. லுட்மிலாவைக் கேட்டேன், மழுப்பினாள். அடுத்த முறை சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாகப் போனேன்.

லுட்மிலா சந்தைக்குப் போயிருந்தாள். அவரோ சமையலறையில், மாவு சிந்திய பலகையில், மளிகைக்கடை மைப்புட்டியை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அசடு வழிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அங்க உக்காந்தா நானும் நீங்க செஞ்ச சாமான் மாதிரி ஆயிடுறேன். இங்கதான் கை ஓடுது. நீங்க தெருமுனையில வந்தாலே லுட்மிலா ஓடிப்போய் எல்லாத்தையும் துடைச்சு அடுக்கிடுவா."

வலித்தது. ஆனால் கோபப்படவில்லை. வாருங்கள், வசதியாக உட்காரும் விதத்தைக் காட்டுகிறேன் என்றேன். நல்ல மனிதர், எழுத்தறைக்குக் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தச் சொன்னேன், நிமிர்த்தினார். காலருக்கு மேலே தேவையான இடம் இருந்தது. கத்தி காகிதத்துக்காகச் செய்தது. ஆனாலும் பிடி வழுக்கவில்லை.

பிறகு மைக்கூட்டை நிரப்பினேன். பேனாவை அவர் விரல்களில் பொருத்தினேன். கத்தியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அந்த அறை அன்றுதான் முழுமையானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேசையை அப்படி அடுக்கியது லுட்மிலாதான், அந்த வீட்டில் வேறு யார் அடுக்குவார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நீங்களும் நம்பிவிட்டீர்கள். அவள் வைத்தால் கத்தி கோணலாகத்தான் கிடக்கும். எங்கள் பட்டறையில் வரைந்தவர் முத்திரையும் செய்தவர் முத்திரையும் இல்லாமல் ஒரு பேனாத்தட்டுகூட வெளியே போகாது. இந்த வேலையில் இரண்டுமே நான்.

அப்பாவிப் பெண் ஒருத்தி சாகக்கூடாது என்பதற்காக மட்டுமே இதைச் சொல்கிறேன். அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில்.