சேருவாங்களா, மாட்டாங்களா

— கடைசியா வந்த ஜோடி? சேருவாங்களா, மாட்டாங்களா?

— மாட்டாங்க. இருங்க, செருப்பக் கழட்டிக்கிறேன். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு.

— டீ குடி, சூடா இருக்கு. அதெப்படி ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுபோகுது? குடும்பக் கோர்ட்டுல நீ பாக்கிறது கவுன்சிலர் வேலையா, ஜோசியர் வேலையா?

— ஜோசியருக்காவது நடுவுல சாப்பிட நேரம் கிடைக்கும்.

— சும்மா சொல்லேன்.

— அந்தம்மா குக்கர் யாருக்கு, பீரோ யாருக்குன்னு கத்தித் தீத்துட்டாங்க. அவர் எல்லாத்துக்கும் சரி, சரின்னு தலைய ஆட்டினாரு. கத்தறவங்க இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்காங்க. தலையாட்டறவர் மனசால எப்பவோ கிளம்பிட்டாரு.

— பாவம்.

— யாரு பாவம்?

— ரெண்டு பேரும்தான்... சர்க்கரை போதுமா?

— பாத்தீங்களா, அதத்தான் சொல்ல வந்தேன்.

— எத?

— போன மாசம் வரைக்கும் இந்த வீட்ல சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

— கத்துக்கிட்டேன். அது ஒரு குத்தமா?

— சட்டைய நீங்களே தேய்க்கிறீங்க. போனக் குப்புறப் போட்டு வைக்கிறீங்க. எங்கம்மா பத்து நாள் வந்து தங்கப்போறாங்கன்னேன், சரின்னுட்டீங்க.

— சரின்னா சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு...

— எங்கம்மா பத்து நாள்னா நீங்க ரெண்டு நாளைக்குப் பேரம் பேசுவீங்க. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவேன். அதுதான் நம்ம வீடு.

— மாமியாரோட சமாதானமாயிட்டேன்னு வெச்சுக்கோயேன்.

— விளையாடாதீங்க, எனக்குத் தெம்பில்ல... யாரு அவ?

— எவ? அடி லூசு...

— சிரிக்காதீங்க. நாள் பூரா அடுத்தவங்க பிரியறதப் பாத்துட்டு வர்றேன். வீட்லயும் அதையே பாக்கணும்னா... பயமா இருக்குங்க. போறதுன்னா சொல்லிட்டுப் போங்க.

— உன்ன விட்டுட்டு நான் எங்க போவேன்?

— அதத்தான் கேக்கிறேன். இன்னிக்கு மத்தியானம் உங்க ஆபீஸுக்கு போன் பண்ணினேன். ‘அவர் இப்ப இங்க இல்லீங்களே மேடம்’னாங்க. போன மாசமே வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்களாம்.

— தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நேரம் ஜோடிக் கதை சொன்னியா?

— நீங்களே வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன். வேலை போனா போகுது, என் ஒருத்தி சம்பளத்துல கொஞ்ச நாள் ஓட்டிடலாம். ஆனா தினமும் தேச்ச சட்டையும் சாப்பாட்டு டப்பாவுமா யார் வீட்டுக்குப் போறீங்க?

— யார் வீட்டுக்கும் இல்ல. உங்க கோர்ட்டுக்குத்தான்.

— எங்க...?

— உன் ரூமுக்கு வெளிய, வராந்தா பெஞ்சுல. வேலை போன விஷயத்த வீட்ல வெச்சு சொல்ல வாய் வரல. மத்தியானம் நீ வெளிய வந்ததும் சொல்லிடலாம்னு தினமும் வந்து உக்காருவேன்.

— பொய். ஒரு நாள்கூட நான் உங்கள அங்க பாக்கல.

— நீதான் அங்க யாரையுமே பாக்கிறதில்லையே.

— அது... ஜோடிங்க ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி யார் மூஞ்சியையும் பாக்கக்கூடாதுங்க. பாத்துட்டா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். குனிஞ்சுக்கிட்டே நடந்து பழகிட்டேன்.

— தெரியும். உன்னக் குத்தம் சொல்லல.

— ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?

— கூப்பிடத்தான் நேத்து எழுந்தேன். உன் கையிலேர்ந்து ஒரு ஃபைல் விழுந்துச்சு. எடுத்து உன் கையில குடுத்தேன். ‘தேங்க்ஸ் சார், உங்க நம்பர் வந்ததும் கூப்பிடுவாங்க, உக்காருங்க’ன்னுட்டுப் போயிட்ட.