கணப்பில் தூங்கிய பூனை

ஹலோ... ஹலோ, யாரு, நெவென்காவா? நான் ஷிமே பேசுறேம்மா. உன் வீட்டுக்காரனக் கூப்பிடு... தூங்குறானா? மத்தியானம் கடைய மூடுன கையோட தூங்குறானா? எழுப்பு... பரவாயில்ல, எழுப்பு. ஷிமே செத்துட்டான்னு சொல்லி எழுப்பு... ஆமாம்மா, செத்தவன்தான் பேசுறேன். சீக்கிரம்.

...

டேய் ஃப்ரானே! ...ம்... ம்... ஆமா, போயிட்டாங்க. சுத்திப் பாக்க வந்த ஒன்பது பேரையும் படகுத்துறையில விட்டுட்டேன்... ஆமா ஆமா, சந்தோஷமாத்தான் போனாங்க. தட்ட வழிச்சுத் தின்னுட்டுப் போனாங்க. அந்தத் தொப்பிக்காரம்மா உன் சிவப்பு ஒயினக் குடிச்சிட்டு அழுதுட்டா... இரு, அதப் பேச நான் கூப்பிடல.

சாப்பாட்டு நடுவுல எந்திரிச்சுப் போனேன்ல? சுருட்டுப் பத்தவைக்க. உன் கணப்புல ஒரு கங்கு எடுக்கலாம்னு இடுக்கிய விட்டேன்... ஆமா, உன் கணப்புலதான். ...சாம்பல் சில்லுன்னு இருந்துச்சுடா. கையவே விட்டுத் துழாவினேன். பேய்க்கணவாய வேக வைக்கிற இரும்பு மூடி மேல உன் வீட்டுப் பூனை படுத்துத் தூங்குது!

...எது, சீக்கிரமே அணைச்சிட்டியா? அப்ப திரைக்குப் பின்னால தகதகன்னு எரிஞ்ச கரண்ட் அடுப்பு யாருது? பாதிரியாரோடதா? ...முற்றத்துல தகர டப்பாவுல திராட்சைக் குச்சியக் கொளுத்தி வெச்சிருந்தியே, அது எதுக்கு, கொசுவுக்கா? ...வாசனைக்கு! வாசனைக்காம்!

நான் சொல்றதக் கேளு. காலையில ஒன்பது மணிக்கு அவங்களக் கோட்டை வாசல்ல கூட்டுறேன். ஒரு மணி வரைக்கும் பொய்யாச் சொல்றேன். கோயில் சுவத்துல மூக்கு உடைஞ்ச கல் தலை எங்க தாத்தாங்கிறேன், ஐந்நூறு வருஷத்துக்கு முந்திக் குடிச்சிட்டு சிற்பி முன்னாடி தூங்கிட்டாருங்கிறேன். நம்ம உப்பு மத்தி மீன் தாகம் தாங்காம தானா நடந்து ஒயின் பீப்பாய்க்குப் போயிரும்ங்கிறேன். எவனாவது நம்புறானா? சிரிக்கிறாங்க. கடைசியா உன் கடையில உக்கார வெச்சு, பேய்க்கணவாய் எட்டுக் காலோட வந்ததும், 'காலையிலேயே சொல்லி வெச்சது. இரும்பு மூடிக்கு அடியில, மேலயும் கங்கு, கீழயும் கங்கு, ரெண்டு மணி நேரம்'னு சொல்லுவேன். நாள் முழுக்க நான் சொல்ற நெசம் அது ஒண்ணுதான்டா! இந்த ஷிபெனிக் ஊர்ல அது ஒண்ணத்தான் நான் சத்தியம் பண்ணிச் சொல்லிட்டிருந்தேன்!

...மெதுவாத்தான் பேசுறேன். ...மெதுவாத்தான்டா பேசுறேன்! நான் திரும்பி வந்து உக்காந்ததும் தொப்பிக்காரம்மா கேட்டா, நெசமாவே ரெண்டு மணி நேரமான்னு. சாம்பல் ஒட்டுன கைய மேசைக்கு அடியில வெச்சுக்கிட்டு, ஆமான்னுட்டேன். எழுபத்தாறு வயசுல நான் சொன்ன முதல் பொய் அது.

...முட்டி வலியா? குனிய முடியலையா? சொல்லியிருந்தா நான் வந்து குனிஞ்சிருப்பேனே... சரி, எப்பலேருந்து? ...இல்ல, சொல்லு, எப்பலேருந்து? ...ஈஸ்டர்லேருந்தா! திராட்சை பறிக்கிற நேரமே வந்தாச்சேடா!

அப்ப... ஜூன் மாசம் என் பிறந்த நாளுக்கு நீ வெச்ச பேய்க்கணவாய்? ...அதுவுமா?

ஒரு வாய் வெச்சிட்டு, கண்ண மூடிக்கிட்டு, 'இன்னிக்குக் கங்கு நல்லாப் பிடிச்சிருக்கு ஃப்ரானே'ன்னு சொன்னேனே. எல்லார் முன்னாடியும் சொன்னேனே. நீ தலைய ஆட்டிக்கிட்டே என் கிளாஸ நிரப்புன... உள்ளுக்குள்ள சிரிச்சியாடா? ...நெவென்காவுக்கும் தெரியுமா? ...ம்... எல்லாருக்கும் தெரியும்.

என்ன? ...அன்னிக்கு ருசி எப்படி இருந்துச்சுன்னா கேட்ட? ...திரும்பக் கேளு.

...

நல்லாத்தான் இருந்துச்சு. முந்தி இருந்ததவிடவே நல்லா இருந்துச்சு. அதுக்குத்தான்டா உன்ன மன்னிக்க மாட்டேன்.

வை போனை.