பெரிய மரத்தின் இருபத்து மூன்று பேர்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை ஐயா. வந்ததிலிருந்து பார்க்கிறேன், எழுதக் குனியும்போதெல்லாம் ஆடுகிறது. விரல் கனத்துக்கு ஒரு மரத்துண்டு கிடைத்தால் செதுக்கி அடியில் வைத்துவிடலாம். கத்தி தர மாட்டீர்கள், தெரியும். நான் கேட்கவும் இல்லை.

நீங்கள் சமவெளியிலிருந்து வந்தவர். காட்டைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். எங்கள் காட்டில் இரண்டு சனம். பொந்துக்காரர்கள் உயிருள்ள மரத்தின் வயிற்றுக்குள் குடியிருப்பவர்கள். ஒரு மரத்தில் இருபது, முப்பது பேர் இருப்பார்கள். நாங்கள் குகைக்காரர்கள், பாறைக்குள் இருப்பவர்கள். எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அந்த மாதிரி ஆட்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் முளைமழை பெய்யும். அதில் கண்ணுக்குத் தெரியாத விதை இருக்கிறது. தோலில் பட்டால் வேர் பிடித்துவிடும். முதல் துளி விழுந்ததுமே பொந்துக்காரர்கள் வாசலை மண் பூசி அடைத்துவிடுவார்கள். அதன் மேல் மரம் தானாகவே பட்டை வளர்த்து மூடிக்கொள்ளும். மூன்றாம் நாள் பார்த்தால் வாசல் இருந்த அடையாளமே இருக்காது, பட்டையும் கொம்பு மாதிரி இறுகியிருக்கும். உள்ளே இரும்பு வைத்துக்கொள்ள முடியாது. வைத்தால் மரம் பால் சுரந்து பொந்தையே நிரப்பிவிடும். ஆகவே வெளியிலிருந்து ஒருவன் கோடாலியோடு போய்த் திறக்க வேண்டும். அந்த ஆளுக்குத் திறப்பான் என்று பேர். ஒரு மரத்துக்கு ஒருவன். பெரிய மரத்துக்கு நான், பத்தொன்பது வருஷமாக.

எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். நான்காம் நாள் காலையில் உள்ளே இருப்பவர்கள் வாசல் இருந்த இடத்தில் ஒவ்வொருவராக வந்து தட்டுவார்கள். பொந்தில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த வரிசை. ஆளுக்கொரு தட்டு, பிறந்ததிலிருந்து சாகும்வரை அதேதான். என் மரத்துப் பெரியவர் மூன்று தட்டுவார், நடுவில் இருமுவதற்கு இடம் விட்டு. மரம் பேச்சை வெளியே விடாது, தட்டை மட்டும் விடும். எல்லாரும் தட்டி முடித்ததும் நான் கோடாலியின் பின்பக்கத்தால் ஒரே ஒரு தட்டு தட்டுவேன். ‘வந்துவிட்டேன், விலகி நில்லுங்கள்’ என்று அர்த்தம். அவர்கள் பின்சுவரோடு ஒட்டி நிற்பார்கள். நான் வெட்டுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒருவர் மேலும் கோடாலி பட்டதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி மருத்துவச்சி. பொந்து, குகை என்று பார்க்க மாட்டாள், யாருக்கு வலி வந்தாலும் போவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் பெரிய மரத்தில் ஒரு தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. இரண்டு நாள் கூடவே இருந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டு, கைகழுவிக் கிளம்பினாள். கால்வாசி வழி வந்திருப்பாள். மழை இரண்டு நாள் முந்திக்கொண்டது.

திரும்பி ஓடியிருக்கிறாள். அதற்குள் மண் பூசிவிட்டார்கள். அவள் தட்டினாள். அவர்கள் திறக்கவில்லை.

நான்காம் நாள் நான்தான் அவளைப் பார்த்தேன். வாசலில் முழங்காலிட்டுச் சாய்ந்திருந்தாள். கண் இருந்த இடத்தில் இளந்தளிர் விட்டிருந்தது. வாயிலிருந்து வேர் இறங்கி மண்ணைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகளில் சதை இல்லை, எலும்பு தெரிந்தது. அவளை வேரோடு பிடுங்கிப் பக்கத்தில் கிடத்திவிட்டு, அவர்களுக்குத் திறந்துவிட்டேன். நாற்பது வெட்டு. வேலை வேலைதானே.

பெரியவர் என் காலில் விழுந்தார். “உள்ள பத்துப் பிள்ளைங்க இருந்துச்சு தம்பி. திறந்திருந்தா எல்லாரும் போயிருப்போம். நாங்க என்ன பண்றது, சொல்லு” என்றார். “நீங்க செஞ்சது சரிதான்” என்றேன். சரிதான் ஐயா. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, நான் ஆத்திரக்காரன் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் அவர்களிடம் கேட்டேன். அவள் எவ்வளவு நேரம் தட்டினாள்? பிள்ளை பெற்றவள் ‘கொஞ்ச நேரம்தான்’ என்றாள். பெரியவர் ‘சாயங்காலம் வரைக்கும்’ என்றார். இன்னொருவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தானாம். ஆளுக்கொரு பதில். மனிதர்கள் உருப்படியாக எதையும் கவனிப்பதில்லை.

என் மகள் அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று போனாள். அம்மா கை பட்ட கடைசிப் பிள்ளை அல்லவா. போக வர இருந்ததில் பிள்ளையின் சித்தப்பனைப் பிடித்துப்போயிற்று. கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். நான் கோடாலிக்கு எண்ணெய் போடக் குனிந்தேன். “அப்பா, உள்ள அம்மா இருந்திருந்தா அவங்களேதான் முதல்ல மண்ணைப் பூசியிருப்பாங்க” என்றாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று சும்மாவா சொன்னார்கள். நானே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன். மருமகன் நல்லவன். எனக்கு முன்னால் உட்கார மாட்டான்.

இந்த வருஷம் மழைக்கு ஒரு வாரம் முன்னால் வந்திருந்தாள். “மழைக்கு இங்க வந்துடு பாப்பா” என்றேன். “வந்துடுறேன்பா, நீங்க கவலைப்படாதீங்க” என்றாள். பாயை உதறி விரித்து வைத்தேன். மழை வந்தது, அவள் வரவில்லை. மேல்காட்டில் அவளுக்கு ஒரு தோழி உண்டு. அங்கே போயிருப்பாள். சொன்ன சொல் தவறுகிற பெண் இல்லை.

நான்காம் நாள் விடிந்ததும் கோடாலியைத் தீட்டிக்கொண்டு போனேன். எப்போதும் தீட்டுவதுதான், இதில் திட்டம் எதுவும் இல்லை. பெரியவர் தட்டினார். பிறகு ஒவ்வொருவராகத் தட்டினார்கள். மருமகன் தட்டினான். அந்த நாலு வயசுப் பிள்ளையும் தட்டியது, அதற்கு இன்னும் தாளம் பிடிபடவில்லை. இருபத்து மூன்று பேர். நான் ஒரு தட்டு தட்டினேன். உள்ளே அமைதியாயிற்று. எல்லாரும் பின்னால் போய் ஒட்டி நின்றிருப்பார்கள். சொன்ன பேச்சு கேட்கிற சனம்.

அப்புறம் நான் உட்கார்ந்தேன்.

கொல்ல வேண்டும் என்று உட்காரவில்லை. அவள் எவ்வளவு நேரம் தட்டினாளோ அவ்வளவு நேரம் இவர்களும் தட்டட்டும், அதற்கப்புறம் திறந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நியாயம்தானே? ஆனால் எவ்வளவு நேரம் என்று யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லையே. நானாகத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் உச்சிவரைக்கும்தான் உள்ளே மூச்சுக்கு வழி இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்ட ஆரம்பித்தார்கள். முதலில் வரிசையாக, பிறகு எல்லாரும் சேர்ந்து. வரிசை கெட்டால் எனக்குப் பிடிக்காது. அந்த இரைச்சலுக்குள் இருபத்து நாலாவதாக ஒரு தட்டு வந்தது. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. அது என் மகளின் தட்டு. சின்னதில் குகை வாசல் பலகையை அப்படித்தான் தட்டுவாள். அந்தப் பிள்ளை அவளிடம் கற்றுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பார்த்ததையெல்லாம் செய்யும்.

மற்ற தட்டுகள் ஓய்ந்த பிறகும் அது ஓயவில்லை. பிடிவாதக்காரப் பிள்ளை.

உச்சிக்குச் சற்று முன்னால் என் மனைவியின் தம்பி அந்த வழியாக வந்தான். அவனும் திறப்பான்தான், பக்கத்து மரத்தைத் திறந்துவிட்டு வருகிறான்.

“என்ன மாமா, இன்னும் திறக்கலையா? உள்ள தட்டுறாங்களே.”

“கொஞ்ச நேரம் போகட்டும்.”

அவன் மரத்தில் காதை வைத்தான். “மாமா, இது நம்ம பாப்பா தட்டு” என்றான்.

“அவ மேல்காட்டுல இருக்கா.”

“யாரு சொன்னா? மழைக்கு முந்தின நாள் நான்தானே பாத்தேன். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், விட்டுட்டு வர முடியல, அப்பாகிட்ட சொல்லிடுங்கன்னா. நான்தான் மறந்துட்டேன். தள்ளுங்க மாமா.” கோடாலியை ஓங்கினான்.

அவன் அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது. செத்தவள் அவனுக்கும் அக்காதான், அவனாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும். என் முதல் வெட்டு அவன் தோளில் இறங்கியது. விழுந்தவன் மரத்தை நோக்கித் தவழ்ந்தான், கையை நீட்டித் தட்டப் பார்த்தான். அந்தக் கையை மணிக்கட்டோடு எடுத்தேன். அப்போதும் “பாப்பா, பாப்பா” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது வெட்டு கழுத்தில். அதற்குப் பிறகு வெளியே சத்தம் இல்லை. உள்ளே இன்னும் இருந்தது, இரண்டும் ஒன்றும். பிறகு இரண்டு மட்டும். நான் அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தேன்.

நிழல் திரும்பியதும் எழுந்து திறந்தேன். நாற்பத்தோரு வெட்டு, வயசாகிவிட்டது. நேரம் கொஞ்சம் கூடிப்போயிற்று, அதை ஒப்புக்கொள்கிறேன். இருபத்து மூன்று பேரும் என் கையால் செத்தார்கள், மச்சானும் என் கையால் செத்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இருபத்து நாலு உடல் என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். வாசலை ஒட்டியே ஒரு பெண் கிடந்தாளாம், விரல் முட்டிகளில் சதை இல்லையாம். பெண்ணை அடையாளம் காட்ட வா என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டீர்கள். நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. பதற்றத்தில் ஒன்று கூடுதலாக எண்ணியிருப்பார்கள். அந்த ஒன்றை மட்டும் அடித்துவிடுங்கள்.

மேல்காட்டுப் பாதை சேறு காய இரண்டு நாள் ஆகும். நான் இங்கே இருப்பதாக யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள், நேராக இங்கேதான் வருவாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் ஐயா. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. அந்தத் தட்டு காதில் விழுந்தால் நான் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்திருக்க மாட்டேன்.