பாறைக்கிணற்றுத் தண்ணீர்

எங்கள் வீட்டில் துவரம்பருப்பு வேக எப்போதும் நேரமாகும். என் மனைவி சரோஜம்மாள் இதை உங்களிடம் ஒரு குறையாகச் சொன்னாளாம். சொன்னது வாஸ்தவம்தான், ஐயா. சேலத்திலிருந்து விசாரணைக்கு வந்திருக்கும் அதிகாரியிடம் அடுப்பங்கரைக் கதையா பேசுவது என்று நான் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் அறியாமலே சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பருப்பு வேகாததற்குக் காரணம் தண்ணீர். என் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெத்தகுட்டூரில் இரண்டு கிணறுகள் உண்டு. ஏரிக்கரைக் கிணறு ஊருக்கு வெளியே இருக்கிறது. அதன் தண்ணீர் கடினமானது, பருப்பைப் போட்டால் உலை கொதித்துக்கொண்டே இருக்கும், பருப்பு அசையாது. பாறைக்கிணறு ஊருக்கு நடுவில், வெடி வைத்துப் பாறையைப் பிளந்து ஆழமாக எடுத்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாகக் குழையும். இந்தப் பக்கத்துப் பெண்கள் தண்ணீரைப் பருப்புப் போட்டுத்தான் சோதிப்பார்கள். பருப்பு குழைந்தால் நல்ல தண்ணீர், அவ்வளவுதான் சாஸ்திரம். பக்கத்து ஊரான குருபரப்பள்ளியில் கல்யாணம் என்றால்கூட வண்டியில் பீப்பாய் ஏற்றிக்கொண்டு பெத்தகுட்டூருக்குத்தான் வருவார்கள். என் வீட்டுக்கு மட்டும் ஆறு வருஷமாக ஏரிக்கரைத் தண்ணீர் வருகிறது. நான் சொல்லித்தான் வருகிறது.

நான் இந்த வைத்தியசாலைக்கு வந்தது நாற்பத்தெட்டில். பெத்தகுட்டூரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முதுகு பலகைபோல் விறைத்துப்போகும். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்போடு திரும்பிப் பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்கு முழங்கால் உள்பக்கமாக வளைந்திருந்தது. நான் நாலு வருஷம் அதை ஆராய்ந்தேன். சர்க்கார் கேட்டுச் செய்யவில்லை, என் சொந்த ஆசைக்குச் செய்தேன். வெறும் கேழ்வரகுக் களியும் பால் இல்லாத சாப்பாடும்தான் காரணம் என்று ஒரு கட்டுரை எழுதினேன். சென்னையில் ஒரு பேராசிரியர், 'சிரத்தையான முயற்சி' என்று பாராட்டினார். அந்த இரண்டு சொல் எனக்குப் பல மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஐம்பத்திரண்டு கோடையில் பிரகாசம் வந்தான். கிருஷ்ணகிரியில் உபாத்தியாயர் மகன். வைத்தியக் கல்லூரியில் நானும் அவனும் ஒரே வகுப்பு. எல்லாப் பரீட்சையிலும் அவன் முதல், நான் இரண்டாவது. இரண்டாவதாக வருகிறவனை யாரும் வெறுப்பதில்லை, யாரும் ஞாபகமும் வைத்துக்கொள்வதில்லை. அவன் என்னிடம் ஒருநாளும் கர்வமாக நடந்ததில்லை. பரீட்சைக்கு முன்னால் தன் குறிப்புகளை என்னிடம் கொடுப்பான், நான் அவற்றைப் படித்துத்தான் இரண்டாவதாக வந்தேன். எனக்கு அவன்மேல் பொறாமை. நீங்கள் அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். எலும்பு நோய்தான் அவனுக்கும் விஷயம். என் கட்டுரையைப் படித்துவிட்டு என்னிடமே வந்து தங்கினான். முதல் நாள் பெத்தகுட்டூருக்கு அழைத்துப் போனேன். விறைத்த முதுகுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கங்கப்பன் என்ற விவசாயியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "கொஞ்சம் வாயத் தொறங்க பெரியவரே" என்றான். அப்புறம் எதிர்ப்பட்டவர்கள் எல்லாருடைய வாயையும் பார்த்தான்.

"கிருஷ்ணா, இந்த ஊர்ல பொறந்தவங்க பல்லு எல்லாம் காவி பூசின மாதிரி இருக்குது. வெளியூர்ல இருந்து கட்டிக்கிட்டு வந்த பொண்ணுங்க பல்லு வெள்ளையா இருக்குதே, பாத்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. நாலு வருஷமும் அந்தப் பற்கள் என் முன்னால் சிரித்துக்கொண்டுதான் இருந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன் என்று சொல்லலாம். அவன் முழுசாக ஒரு பொழுதுகூட அங்கே இருக்கவில்லை.

"பால் பல்லு விழுந்து மறு பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியே அது உள்ள போயிருக்கணும். சாப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதான். இது தண்ணிடா" என்றான், திரும்பி வரும் வழியில். நெல்லூர்ப் பக்கத்தில் இதுபோல் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பைக் கண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னான். அதை நானும் எப்போதோ படித்திருந்தேன்.

அன்று சாப்பாட்டில் சரோஜம்மாள் அவன் பேச்சை வெகு ஆர்வமாகக் கேட்டாள். பரிமாறிக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏங்க, நாலு வருசமா நீங்க யாரு பல்லையும் பாக்கலைங்களா?" என்றாள். அவளுக்கு அதில் ஒரு சூதும் கிடையாது. ஆனால் நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள்களில் பிரகாசம் ஊர்ப் பெண்களைக் கூட்டி, பாறைக்கிணற்றை விட்டுவிட்டு ஏரிக்கரைத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னான். "உங்க டாக்டரு நாலு வருசமா பாடுபட்டதாலதான் இதக் கண்டுபிடிக்க முடிஞ்சுது" என்று வேறு எல்லார் முன்னாலும் சொன்னான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெண்கள் சிரித்தார்கள். பருப்பு குழைகிற தண்ணீர் எப்படிக் கெட்டதாக இருக்கும்? ஆனால் வெங்கடம்மாள் என்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது சம்பங்கி என்று இரண்டு வயதுப் பெண் குழந்தை. நான்தான் பிரசவம் பார்த்தேன். வெங்கடம்மாள் அன்றே ஏரிக்கரைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் புருஷன் திம்மராயன், "பருப்பு கல்லாட்டம் நிக்குது, இத எவன் தின்பான்" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனான். அவள் அசையவில்லை. அவளைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் மாறின.

பிரகாசத்துக்கு ஆதாரம் வேண்டும். பாறைக்கிணற்றில் தானே இறங்கி இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அரக்கு வைத்து மூடி, சென்னைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தான். அவன் பாகலூர்ப் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்கப் புறப்பட்டான். நான் அன்று மத்தியானமே அரக்கை உடைத்து, பாட்டில்களைக் கழுவி, ஏரிக்கரைத் தண்ணீரை நிரப்பி, மறுபடி அரக்கு வைத்தேன். அனுப்பிய தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பிரகாசம் நம்பாமல் இன்னொரு தடவை அனுப்பச் சொன்னான். இன்னொரு தடவையும் ஏரிக்கரைத் தண்ணீரையே அனுப்பினேன். அவனுக்குத் தன் புத்தியின் மேல் சந்தேகம் வந்தது, என் மேல் வரவில்லை. கல்லூரியில் ஊகத்தை எழுதுகிறவன் என்று சொல்லி உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். ஐந்து வருஷக் கல்லூரியில் நான் பார்க்காத, தோற்றுப்போன ஒரு முகத்தை அன்று பஸ் ஏறும்போது அவனிடம் பார்த்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஊருக்குச் செய்தி சொல்ல வேண்டியது என் கடமை ஆயிற்று. கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி, பரிசோதனைச் சாலையின் பதிலைப் படித்துக் காட்டினேன். வெங்கடம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த டாக்டரு பொய்யாங்க சொன்னாரு?"

"பொய் இல்லம்மா. தெரியாம சொல்லிட்டாரு."

"எம் பொண்ணுக்குக் குடுக்கலாமுங்களா? நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

பாறைக்கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் சேந்தி வரச் சொன்னேன். எல்லார் கண்ணெதிரிலும் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன். ஒரு சொம்பு யாரையும் ஒன்றும் செய்யாது. ஊர் சந்தோஷப்பட்டது. திம்மராயன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். அன்று சாயங்காலம் வெங்கடம்மாள் பாறைக்கிணற்றில் குடத்தை இறக்கியதை நான் நின்று பார்த்தேன்.

உண்மை எனக்கு எப்போது தெரியும் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பம் இல்லை. பாட்டிலை மாற்றிய மாதமே, கோயில் முன்னால் அந்தச் சொம்பைக் குடிப்பதற்கு முன்பே, பாறைக்கிணற்றுத் தண்ணீரை வேறு ஊர்ப் பெயர் சொல்லி பெங்களூரில் ஒரு சிநேகிதரிடம் கொடுத்துப் பார்த்தேன். மனிதர் குடிக்கக்கூடிய அளவைப்போல் பல மடங்கு ஃபுளோரைடு இருந்தது. பிரகாசம் சொன்னது சரி. அன்றிலிருந்து என் வீட்டுக்கு ஏரிக்கரைத் தண்ணீர் வர ஏற்பாடு செய்தேன். சரோஜம்மாள் காரணம் கேட்டாள். எனக்கு அந்த ருசிதான் பிடித்திருக்கிறது என்றேன்.

அப்போதே ஊருக்குச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். சொன்னால், பிரகாசம் சொன்னது பலித்தது என்றுதான் பேசுவார்கள். தவிர, அவனிடம் இருந்தது ஊகம் மட்டும். ஒரு கூட்டம் பிள்ளைகள், ஒரு தண்ணீர், பல வருஷம், ஒழுங்கான அளவு, பக்கத்திலேயே வேறு தண்ணீர் குடிக்கும் குருபரப்பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க. இப்படி ஒரு ஆராய்ச்சியை இந்தத் தேசத்தில் யாரும் செய்ததில்லை. செய்ய வசதியும் யாருக்கும் அமையாது. எனக்கு அமைந்தது.

வருஷம் தவறாமல் அளந்தேன். முழங்கால்களை ஒட்டி நிற்க வைத்து, கணுக்கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அளந்ததும் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பேன். அவர்களை நான் புறக்கணித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அம்மை குத்தினேன், பூச்சி மருந்து கொடுத்தேன், மலேரியாவுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் போய் நின்றேன். ஆறு வருஷத்தில் என் பிள்ளைகளில் ஒன்றுகூட சாகவில்லை.

நடுவில் திம்மராயனுக்குக் கிருஷ்ணகிரியில் மாந்தோப்புக் காவல் வேலை வந்தது. குடும்பத்தோடு போகத் தயாரானான். சம்பங்கி போனால் எனக்குப் பெரிய நஷ்டம். பிறந்த தேதி சரியாகத் தெரிந்த குழந்தை அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். அதனால் வைத்தியசாலையிலேயே திம்மராயனுக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தேன். வெங்கடம்மாள் கண் கலங்கி, "எங்க கொலதெய்வம் நீங்கதானுங்க" என்றாள். அப்புறம் வருஷா வருஷம் முதல் மாம்பழம் என் வீட்டுக்குத்தான் வரும்.

சம்பங்கியின் கால் ஐந்தாவது வயதில் வளைய ஆரம்பித்தது. ஏழில் ஓட முடியாது. இப்போது எட்டு. வெங்கடம்மாள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். பிள்ளை கெட்டிக்காரி. என்னைக் கண்டால் தானே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அளங்க டாக்டரு" என்று நிற்கும், அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு.

இந்த வருஷம் கட்டுரையை முடித்து அனுப்பினேன். காரணம் தண்ணீர் என்று என் பெயரில் எழுதினேன். பிரகாசத்தின் பெயர் அதில் இல்லை. அது நல்ல கட்டுரை, ஐயா. அதைச் சரிபார்த்த பேராசிரியருக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. தண்ணீர்தான் காரணம் என்று இவருக்கு இப்போதுதான் தெரியும் என்றால், வேறு தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஐம்பத்திரண்டிலேயே எப்படி அளக்கத் தொடங்கினார்? அதே வருஷம் இவர் அனுப்பிய தண்ணீரில் குறை இல்லை என்று பதில் போயிருக்கிறதே? அப்படித்தான் நீங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள். அளவுகளைக் கொஞ்சம் பின் தேதியிட்டிருந்தால் நீங்கள் வந்திருக்கவே மாட்டீர்கள். ஆராய்ச்சியில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் பாறைக்கிணற்றுக்கு முள் அடைத்தபோது பிரகாசமும் வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. சம்பங்கியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு அவள் கால்களைத் தடவிப் பார்த்தான். அப்புறம் வாய்விட்டு அழுதான். வெங்கடம்மாள் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்கிறவள்போல் கேட்டாள்.

"நீங்க குடிச்சுக் காட்டினீங்களே, டாக்டரய்யா?"

என் கவனம் பிரகாசத்தின் மேல் இருந்தது. ஊரே அவனைச் சுற்றி நின்று, அவனோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தது. ஆறு வருஷம் அந்த ஊருக்கு இரவும் பகலும் நடந்தவன் தனியாக நின்றேன். அங்கேயும் அவன்தான் முதல்.

பாட்டிலில் தண்ணீரை மாற்றியது நான். விஷம் என்று தெரிந்த தண்ணீரை ஊரார் முன்னால் குடித்துக் காட்டி, அவர்களை அதற்குத் திருப்பியது நான். போக இருந்தவர்களைப் போகவிடாமல் வைத்து, ஆறு வருஷம் குடிக்க விட்டு அளந்ததும் நான்தான். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. பிரகாசத்தின் பழைய ஆராய்ச்சியை மறுபடி எடுத்து, என் அளவுகளையும் அதோடு சேர்த்து வெளியிடப் போகிறார்களாம். செய்யட்டும், நல்ல காரியம். ஆனால் அவன் அந்த ஊரில் இருந்தது ஒரு கோடை. அந்தக் கால்கள் வளைய வளையக் கூடவே இருந்து பார்த்தவன் நான். ஊர் அன்றைக்கே அவன் பேச்சைக் கேட்டிருந்தால், இன்றைக்கு நிரூபித்துக் காட்ட வளைந்த கால் ஒன்றாவது கிடைத்திருக்குமா? நீங்களே நியாயம் சொல்லுங்கள். என் பெயரை முதலில் போடச் சொல்லுங்கள்.