செவ்வாய் பிற்பகல் 2.07க்குப் போன வட்டு

பெயர் டோவேரா கோண்ட்வே. வயது பதினாறு. தகப்பனார் லைட்டன் கோண்ட்வே, காலமாகிவிட்டார். மலாவி, ரும்பி மாவட்டத்தில் பெண்கள் உறைவிடப் பள்ளியில் மூன்றாம் படிவ வகுப்பில் படிக்கிறேன். இரண்டாவது விடுதி, பதினான்காம் கட்டில். என்னை யாரும் விசாரிக்கவில்லை. நானாகவே எழுதுகிறேன்.

எங்கள் கணினி அறையில் லினக்ஸில் ஓடும் சர்வர் ஒன்று உள்ளது. அதன் உள் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், மிச்சமிருந்த இடத்தையும், மேசைமேல் தனியாக இருக்கும் வெளி வட்டையும் சேர்த்து ஒரே சேமிப்பாக அறைப் பொறுப்பாளர் வொங்கானி ம்ஹாங்கோ சார் அமைத்திருந்தார். நான்காம் படிவ மாணவிகள் நாற்பத்தொரு பேரின் தேர்வுச் செய்முறை வேலைகள் அதில் இருந்தன.

கடந்த செவ்வாய்க்கிழமை சமையற்காரரின் தகப்பனாரை அடக்கம் செய்ய, தலைமையாசிரியை கயிரா மேடமும் ம்ஹாங்கோ சாரும் ஒரே லாரியில் பன்னிரண்டு மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பினார்கள். அன்று அறை கூட்டும் முறை என்னுடையது. வைத்திருக்கக் கூடாத கைபேசிக்குச் சார்ஜ் போட வெளி வட்டின் பிளக்கைப் பிடுங்கினேன். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்யும் அம்மா செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பேசுவார். ஒயர் இழுத்ததில் வட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. வராந்தாவில் நடக்கும் சத்தம் கேட்டது. அதன் பின்பு வட்டைக் குப்பை வாளியில் போட்டு வெளியே கொண்டுவந்து, என் டிரங்குப் பெட்டியில் மாவுப் பைக்கு அடியில் வைத்தேன். அம்மா அன்று பேசவில்லை.

மாலை மின்சாரம் நின்றது. புதன் காலை சர்வரைப் போட்டபோது அது அந்த வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, மேலே போகாமல் அவசர நிலைத் திரையில் நின்றது. சார் சேமிப்பை எழுப்பும் கட்டளையை மூன்று முறை கொடுத்தார். மூன்று முறையும் மறுத்தது. நாங்கள் வாசலில் நின்றிருந்தோம்.

"ரெண்டு காளை பூட்டுற வண்டி மேடம் இது. ஒண்ணக் காணோம். மிச்ச ஒண்ண வச்சு நகராது" என்றார்.

"காளை எங்க போச்சுன்னு மேய்க்கிறவர்தானே சொல்லணும்? லாரி ஏறுறதுக்கு முன்னாடியே ஓட்டிட்டீங்களா?" என்றார் மேடம்.

அதன் பின்பு போலீஸ் காவலர் வந்தார். "நடந்ததை எல்லாம் இந்தப் பெட்டி எழுதி வைக்குமாமே வாத்தியாரே?" என்று கேட்டார்.

"கரண்டு போனா அதுக்கு எல்லாம் மறந்துரும் சார். வட்டுல எழுதி வைக்கச் சொல்லணும்னு ரெண்டு வருசமா நெனச்சிட்டிருக்கேன்."

"உள்ள உக்காந்து நல்லா நெனைங்க."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாரை ஜீப்பில் ஏற்றினார்கள். நாளை வெள்ளிக்கிழமை அவரைத் திருட்டு வழக்கில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

கரண்டு போனால் மறந்துவிடும் என்று சார் சொன்னது தவறு. அவர் கடவுச்சொல் தட்டும்போது விரல்களைப் பார்த்து வைத்திருந்த நான், போன மாதம் பதிவுகள் இருக்கும் இடத்தில் ஜர்னல் என்ற கோப்புறையை உருவாக்கினேன். அது இருந்தால் மின்சாரம் போனாலும் பதிவு உள் வட்டில் தங்கும். சர்வர் ஏன் அடிக்கடி திணறுகிறது என்று தெரிந்துகொள்ளச் செய்தேன். சாரிடம் சொல்லவில்லை.

இன்று என் பங்கு உசிபா மீனைக் கொடுத்து முறையை மாற்றிக்கொண்டு கூட்டப் போனேன். அந்த அவசர நிலைத் திரையிலேயே கடவுச்சொல்லைக் கொடுத்துப் பதிவைத் திறந்தேன். செவ்வாய் 14.07க்கு வெளி வட்டு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி உள்ளது. அந்த நேரத்தில் சார் குழி ஓரத்தில் மேடத்தின் பக்கத்தில் நின்றிருப்பார். வட்டை மட்டும் நான் கொடுத்தால், அவர்தான் ஒளிக்கக் கொடுத்தார் என்பார்கள். அந்த வரி இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த வரி இருந்தால் 14.07க்கு அறையில் யார் என்று துப்புரவு நோட்டையும் பார்ப்பார்கள். அதில் என் கையெழுத்து இருக்கிறது. பதிவை அழிக்கும் கட்டளையை முழுவதும் தட்டினேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக நீக்கினேன்.

இதை அதே கைபேசியின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஒன்பது சதவீதம் உள்ளது. வட்டை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே சத்தம் வரவில்லை. காலையில் சர்வரை எடுத்துப்போக வரும் காவலரிடம் வட்டு, கைபேசி, இந்தத் தாள் மூன்றையும் கொடுப்பேன். கடவுச்சொல்லைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். படித்தவுடன் சாரைக் கொண்டு அதை மாற்றவும். மாற்றும் வரை என்னை அந்த அறைப் பக்கம் விட வேண்டாம்.

மேலே கண்டவை நான் செய்ததும் கண்ணால் பார்த்ததும்தான். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது.

ஒப்பம்,
டோவேரா கோண்ட்வே