பொன்முடி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்

ஷிபு: ...செருப்பைக் கழட்ட வேண்டாம்மா. இது கோவில் இல்ல, நெட் கஃபே.

செண்பகவல்லி: உள்ள ஏசி போட்டிருக்கியே, அதான். எதுக்குல வேலை நேரத்துல கூப்பிட்டே? லாட்ஜுல மாடி ரூமெல்லாம் பெருக்காமக் கெடக்கு.

ஷிபு: அடுத்த வாரம் நான் மஸ்கட் போறேன். கடையைக் கைமாத்தியாச்சு. போறதுக்கு முன்னாடி அம்மைக்கு ஒண்ணு காட்டணும்.

செண்பகவல்லி: மஸ்கட்டா? இந்தத் தொப்பையைத் தூக்கிட்டு விமானம் ஏறுமாடே?

ஷிபு: அம்மே... விளையாடாதீங்க. இது செல்வகணேஷ் கட்டினது.

செண்பகவல்லி: என் மகன் கட்டினதை நீ எனக்குக் காட்டணுமாக்கும்? கவடியார்ல அவன் டைல்ஸ் ஒட்டுன வீட்டையெல்லாம் போறப்ப வாரப்ப நானே பாக்கேன்.

ஷிபு: அது இல்ல. இதுக்குள்ள. இது இன்டர்நெட்டுக்குள்ள ஒரு ஊரு. ஆர்க்குட்ல போட்டோ ஒட்டிட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி இல்ல. இதுல நமக்குன்னு ஒரு பொம்மை. அது நடக்கும், உக்காரும், பேசும். எந்த நாட்டுக்காரனும் அவனவன் பொம்மையோட வரலாம். இடம் பிடிச்சு என்ன வேணும்னாலும் கட்டலாம்.

செண்பகவல்லி: இவன் என்ன கட்டினான்?

ஷிபு: பஸ் ஸ்டாண்டு.

செண்பகவல்லி: பஸ் ஸ்டாண்டா?

ஷிபு: சத்யமா. மத்தவன்லாம் அரண்மனை, டான்ஸ் ஹால்னு கட்டுறான். இவன் நம்ம தம்பானூர் பஸ் ஸ்டாண்டைக் கட்டினான். ஏன்டா, இதுக்குள்ளயும் வந்து பஸ்ஸுக்கு நிக்கணுமான்னு கேட்டேன். "பஸ் ஸ்டாண்டுலதான்டே நீ யாருன்னு கேக்காமப் பக்கத்துல உக்காந்து பேசுவாவ"ன்னான்.

செண்பகவல்லி: சொல்லுவான். சங்கரன்கோவில்லேர்ந்து இவனை இடுப்புல வச்சுக்கிட்டு இங்க வந்து எறங்கினப்ப எனக்கு ஒரு வார்த்தை மலையாளம் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல ஒருத்தி பேச்சுக் குடுத்தா. அவ கூட்டிட்டுப் போய்ச் சேத்துவிட்டதுதான் இந்த லாட்ஜு. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளந்தவன்லா.

ஷிபு: தரையைப் பாருங்க. டைல்ஸ் ஒண்ணொண்ணா ஒட்டியிருக்கான். அதுக்குச் சரிவு வேற. அங்க மழையே பெய்யாது, எதுக்குடா சரிவுன்னா கேக்க மாட்டான்.

செண்பகவல்லி: தண்ணி தேங்குற தரையை அவன் கையால போடுவானா? அவுக அப்பா போட்ட தரையையே பேத்துட்டு மறுபடி போட்டவன். ரெண்டு நாள் வீட்டுல பேச்சு வார்த்தை இல்ல.

ஷிபு: போர்டு பாத்தீங்களா? பொன்முடி, விதுரா, கல்லாறு வழி. பஸ்ஸே கிடையாது, கேட்டோ. போர்டு மட்டும். வாரவன்லாம் "பஸ் எப்போ"ன்னு கேப்பான். இவன் "இப்ப வரும்"பான். அதுதான் அங்க தமாசு. வராத பஸ்ஸுக்குன்னு எங்கெங்கேர்ந்தோ ஆளு வருது. பிரேசில்ல ஒரு நர்ஸு. இறக்கை வச்ச ஒரு பெண்ணு. பின்லாந்துல லாரி ஓட்டுற ஒருத்தன்...

செண்பகவல்லி: அந்தக் குதிரைக்கால்காரனா?

ஷிபு: அதே... அவன் பொம்மைக்குக் குதிரைக்கால்னு அம்மைக்கு எப்படித் தெரியும்?

செண்பகவல்லி: மகன் சொல்லாம இருப்பானா? நீ மேல சொல்லு.

ஷிபு: இனிமேதான் கஷ்டம். அங்க யாருக்கும் தெரியாதும்மா. கல்லாறு வளைவுல அவன் பைக் சறுக்கினது... ஒண்ணும் தெரியாது.

செண்பகவல்லி: நாலு மாசம் ஆச்சே.

ஷிபு: பதினாறாம் நாள் கழிஞ்சு, அவன் பாஸ்வேர்டு போட்டு உள்ள போனேன். விவரம் சொல்லிட்டு வெளிய வந்துரலாம்னுதான். எல்லாரும் ஓடி வந்து "ஹலோ மேஸ்திரி"ன்னு... அங்க அவன் பேரு மேஸ்திரி. என் கை "ஹலோ"ன்னு அடிச்சிருச்சு. அன்னைலேர்ந்து தினமும் போறேன். அவனா நடக்கிறேன். பஸ் இப்ப வரும்ங்கிறேன்.

செண்பகவல்லி: யாரும் கண்டுபிடிக்கலையா?

ஷிபு: ஒருத்தரும்.

செண்பகவல்லி: ஒருத்தருமா?

ஷிபு: அவன் நடை, பேச்சு, நக்கல் எல்லாம் எனக்கு அத்துப்படி அம்மே. யாருக்கும் ஒரு சந்தேகம் வரல.

செண்பகவல்லி: ம்.

ஷிபு: கோபமா?

செண்பகவல்லி: இல்ல மக்கா... நீ போயிட்டா அவன் அங்க நடக்க மாட்டான். அப்படித்தானே?

ஷிபு: அம்மை சொன்னா மஸ்கட்லேர்ந்தும் நடத்துறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம். இல்லேன்னா... எல்லாரையும் இப்ப வரச் சொல்லியிருக்கேன். சொல்லிட்டு மூடிரலாம். ரெண்டுல எதுன்னு அம்மைதான் சொல்லணும்.

செண்பகவல்லி: ...எத்தனை பேரு வந்திருக்காவ?

ஷிபு: பெஞ்செல்லாம் நிறைஞ்சாச்சு. தூணைச் சுத்தி நிக்கிறாங்க. இத்தனை பேரை நானே பாத்தது இல்ல.

செண்பகவல்லி: கல்யாணம் பண்ணியிருந்தாக்கூட இத்தனை நாட்டு ஆளு வந்திருக்க மாட்டாவ... சரி. எழுது.

ஷிபு: அம்மே, நல்லா யோசிச்சு...

செண்பகவல்லி: யோசிச்சாச்சு. என் மகன் கட்டின இடத்துல பொய் நிக்கக் கூடாது. நான் சொல்றதை அப்படியே இங்கிலீசுல போடு. "மேஸ்திரி போயிட்டான். இனி வரமாட்டான். அவன் பேரு செல்வகணேஷ். இங்க மட்டும் மேஸ்திரி இல்ல, நெசமாவே மேஸ்திரி."

ஷிபு: ம்... போட்டேன்.

செண்பகவல்லி: "கவடியார்லேர்ந்து கோவளம் வரைக்கும் அவன் போட்ட தரையில ஆளு நடக்கு. ஒரு சொட்டுத் தண்ணி தேங்காது."

ஷிபு: ஒரு சொட்டு...

செண்பகவல்லி: அழாம அடிடே. கீபோர்டு நனையுது.

ஷிபு: அடிக்கிறேன்...

செண்பகவல்லி: "அவன் அம்மா லாட்ஜுல ரூம் பெருக்குறவ. நீங்க உக்காந்திருக்கிற பஸ் ஸ்டாண்டைக் கட்டினவனைப் பெத்தவ." அதையும் போடு.

ஷிபு: போட்டாச்சு.

செண்பகவல்லி: என்ன சொல்றாவ?

ஷிபு: அம்மே, எந்திரிக்கிறாங்க. ஒவ்வொருத்தரா. பெஞ்சுல இருந்தவங்கெல்லாம் எந்திரிச்சு நிக்கிறாங்க. இறக்கை வச்ச பெண்ணு பறக்காம தரையில எறங்கி நிக்குது.

செண்பகவல்லி: குதிரைக்கால்காரன்?

ஷிபு: தொப்பியைக் கழட்டிட்டான்.

செண்பகவல்லி: நல்ல புள்ள.

ஷிபு: ஒண்ணு மட்டும்... அந்த மஞ்சப்பை வச்ச பொம்மை. பாருங்க, தூண் பக்கத்துல. மத்தியானமானா வந்து உக்காரும், ஒரு வார்த்தை பேசாது. இத்தனை பேரு நிக்கும்போது இது மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கு. மரியாதை தெரியாத ஜென்மம். வெளிய தள்ளிரட்டா?

செண்பகவல்லி: தொடாத அதை.

ஷிபு: இல்லம்மா, இன்னைக்காவது எந்திரிக்கலாம்ல...

செண்பகவல்லி: அவன் உள்ள வந்ததும் முதல்ல அது பக்கத்துலதான் போய் உக்காருவான். நீ ஒருநாளும் உக்காரல. நடக்கிறது அவன் இல்லன்னு அன்னைக்கே தெரியும். ஆனாலும் நடந்துதே... பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஷிபு: அம்மே... அப்போ, அது...

செண்பகவல்லி: மேனேஜர் சாப்பிடப் போற நேரமா, ரிசப்ஷன்ல இருக்கிற அனுஷா லாட்ஜு கம்ப்யூட்டர்ல தொறந்து விடுவா. இப்பவும் என் பொம்மையை அங்க உக்கார வச்சிட்டுத்தான் இங்க வந்தேன். மரியாதை தெரியாம இல்ல மக்கா. உக்கார மட்டுந்தான் அவன் எனக்குச் சொல்லிக்குடுத்தான். எந்திரிக்கிறதுக்கு ஞாயித்துக்கிழமை சொல்லித் தாரேன்னான்.