சங்குவளையின் உள்பக்கம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் வாடை ஆகாது, ஐயா. இந்த ஸ்டேஷனுக்குப் பின்னால் யாரோ சாளை பொரிக்கிறார்கள். அந்த ஜன்னலைச் சாத்தினால் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன்.

பெயர் ஆறுமுகப்பெருமாள். கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர். பையன்கள் வைத்த பெயர் ஆசிட் பிள்ளை. அதை அவர்கள் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள் என்று பல வருடம் நம்பியவன் நான்.

ஐம்பத்திரண்டில் கொட்டாரம் பக்கம் குளம் தோண்டும்போது ஒரு முதுமக்கள் தாழி கிடைத்தது. உள்ளே ஒரு பெண்ணின் எலும்புகள், மணிக்கட்டில் வெள்ளை வளை. எல்லோரும் தந்தம் என்றார்கள். ஒரு துணுக்கில் ஆசிட் விட்டேன். பொங்கி முழுக்கக் கரைந்தது. சங்கு. என் ஆயுளில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம்.

சென்னையில் ஒரு நிபுணருக்கு எழுதினேன். பதில் வந்தது. உயிரோடு இருக்கும்போது அணிந்ததா, பிணத்துக்குப் போட்டதா? நாள்பட அணிந்தால் தோல் பட்டு, வளையின் உள்பக்கத்தில் செய்தவன் உரைத்த கோடுகள் மழுங்கும். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு வருடம் கழற்றாமல் அணிந்த புது வளை ஒன்று வேண்டும். இருந்தால் கட்டுரை என் பெயரிலேயே அச்சாகும்.

இனயம் கடற்கரைக்குப் போய் ததேயுஸ் என்ற வலைக்காரனிடம் நாலு சங்கு வாங்கினேன். உள்ளே சதை அசைந்தது. துண்டால் மூக்கைப் பொத்தினேன்.

"சாரே, வாய்தான் சைவமா, மூக்குமா?" என்றான். "பானையில போட்டு வையும். அழுவினா தானே கழண்டு விழும்."

அழுகியது. புழு மிதந்தது. நான் மூன்று தடவை வாந்தியெடுத்தேன். சுரண்டிக் கழுவியது என் மனைவி கோமளவல்லி. நான் அறுத்து, அரத்தால் உரைத்து, தாழியில் கிடைத்த அதே அளவில் வளை செய்தேன். சோப்பு நுரை போட்டு அவள் கையில் ஏற்றினேன்.

"எப்போ களட்டது?"

"ஒரு வருசம், ஏட்டி."

"அதுக்குள்ள நானும் தாழிக்குள்ள போயிட்டா?" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு அவளுக்கு.

வருடம் முடிய இருபது நாள் இருக்கையில் இன்னொரு பானைச் சங்கைச் சுத்தம் செய்தாள். ஓட்டின் முனை விரலில் ஏறியது. மறுநாளே கை வீங்கி, வளை சதைக்குள் புதைந்தது. அவள் பரிமாறிய சோற்றில் அந்த நாற்றம். எழுந்துவிட்டேன்.

"இஞ்ச பாருங்கோ, அரம் மேசையிலதானே இருக்கு. ராவி எடுத்திருங்கோ."

"இன்னும் கொஞ்ச நாளுதானே."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் எந்த டாக்டரும் முதல் வேலையாக வளையைத்தான் வெட்டுவார். அதனால் மஞ்சள் பத்துப் போட்டேன், மூக்கில் கற்பூரம் வைத்துக்கொண்டு. மூன்றாம் நாள் கை கத்தரிக்காய் நிறமானது. விரல் நுனியில் சீழ். அவள் இடது கையால் அரத்தை எடுத்து ராவிப் பார்த்தாள். பிடி நிற்கவில்லை. நான் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ரொம்பக் கண்டிப்பாகப் பேசவில்லை. நான் இளகிய மனசுக்காரன். கோழி அறுப்பதைப் பார்த்தால்கூட மயக்கம் வரும்.

நாலாம் நாள் விடியும்போது போய்விட்டாள். அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைக் குளிப்பாட்ட ஆட்கள் வர ஒரு மணி நேரம் இருந்தது. சோப்புப் போட்டேன், எண்ணெய் போட்டேன். வளை அசையவில்லை. அலமாரிச் சாவி இடுப்பில்தான் இருந்தது. நான் அடுக்களைக்குப் போய் வெட்டரிவாளை எடுத்துவந்தேன். வளையில் ஒரு கீறல்கூட விழவில்லை. கையை அதன் இடத்திலேயே வைத்துத் துணி சுற்றினேன். அவள் தங்கை தாணம்மாள் அதை அவிழ்ப்பாள் என்று நினைக்கவில்லை.

நீங்கள் வருவதற்குள் லென்ஸில் பார்த்துவிட்டேன். கோமளவல்லியின் வளையில் உள்கோடுகள் மழுங்கி, வெண்ணெய் தடவியதுபோல் இருந்தன. தாழி வளையில் ஒவ்வொரு கோடும் நேற்று உரைத்ததுபோல் கூர்மை. ஆக, அந்தக் காலத்து ஆட்கள் தாழிப் பெண் செத்த பிறகுதான் பூட்டியிருக்கிறார்கள். கட்டுரையை அன்றே தபாலில் சேர்த்தேன்.

கொன்றேன் என்று எழுதுகிறீர்கள். உங்கள் இஷ்டம். என் மனசை உறுத்துவது ஒன்றுதான், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் ஒரு வருடம் என்று போட்டிருக்கிறேன். முந்நூற்று நாற்பத்தொன்பது நாள்தான். அது பொய். நான் செய்த தப்பு அதுதான், ஐயா, ஒப்புக்கொள்கிறேன்.